கோமுவின் சொப்புச் சமையல்

சிறு பிள்ளைகள் வகுப்பை ஒரு வருஷம் நடத்தியவருக்கு ஊரில் எந்தச் சத்தமும் பெரிதாகத் தெரியாது. என்னோடு சேர்ந்து தொண்டையைத் தொலைத்த சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் என்னைக் குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு அங்கே உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. தெருக்கோடியில் ஓர் அறை, ஒரு பூட்டு, ஒரு சாவி. அவ்வளவுதான் என் குடும்பம்.

வசம்பு

என் வகுப்பிலிருந்த கோமுவுக்கு ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும், சொன்னதைச் செய்வாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். பரீட்சைக்குள் பேசாவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துவிடுவதாக அவள் அப்பா முடிவு செய்திருந்தார். வயல் வேலைக்காரர், சொன்னால் செய்கிறவர்.

நான் பேசவைக்கிறேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் படித்தபடி படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். கேட்கக் கேட்க உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பேச்சு வரும்னு வசம்பு தேச்சுத் தேச்சு நாக்குதான் கறுத்திருக்கு, டீச்சரம்மா. இனி ஒங்க பாடு."

ஈரச் சேலை

சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். அருவிக்கு வருகிறவர்கள் கும்பலாகத்தான் வருவார்கள். ஒருவர் குளித்தால் ஒருவர் மாற்றுத் துணியோடு கரையில் நிற்பார். என் துணியைப் பிடிக்க ஆளில்லை. அன்றுதான் தனிமை என்பது இத்தனை சில்லறையான விஷயத்தில் வந்து குத்தும் என்று தெரிந்தது. அழுகையாக வந்தது.

சொப்புச் சாமான் விற்கும் பெரியவர் ஒருவர் என் மாற்றுச் சேலையை வாங்கித் தம் கடையில் வைத்துக்கொண்டார். குளித்துவிட்டு வந்து, அந்த நன்றிக்காக ஒரு பெட்டிச் சொப்பு வாங்கினேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நாற்பது என்றேன். மனிதர் கொஞ்சம்கூட அசரவில்லை.

"அப்போ நாப்பது பிள்ளைக்கு ஒரு பெட்டி காணாதே, தாயி."

பந்தி

மறுநாள் சிலேட்டை ஓரம்கட்டிவிட்டுச் சொப்பைப் பரப்பினேன். பிள்ளைகள் காய் வாங்கினார்கள், விலை பேசினார்கள், மாமியாராகித் திட்டினார்கள். கோமு ஓர் ஓரத்தில் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. விருந்தாளியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, மணலை உண்பதுபோல் பாவனை செய்து, உப்பில்லை என்று முகம் சுளித்தேன். இன்னும் ஒரு பிடி மணல் போட்டாள். சில நாளில் எவளோ அவள் அகப்பையைப் பிடுங்க, "தா" என்றாள். பிறகு "சுடும்" என்றாள். பதில் சொல்லியாக வேண்டும் என்று யாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சமையல் நடக்க ஒரு சொல் வேண்டியிருந்தது, வந்தது.

இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எனக்குக் கிடைத்தவர் தலைமையாசிரியர் ஒருவர்தான். வாசலில் நின்றபடி முழுக்கக் கேட்டார்.

"சர்க்கார் ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கது பாடம் நடத்த, டீச்சர். பந்தி நடத்த இல்ல."

டீச்சர் வீடு

வீட்டில் கோமு இன்னும் வாய் திறந்திருக்கவில்லை. பரீட்சை நெருங்கியதும் அவள் அப்பா அவளைக் கூட்டிப்போகவே வந்துவிட்டார். உள்ளே சொப்பு விளையாட்டு. கோமு தோளில் துண்டு போட்டுக்கொண்டு நான்தான் டீச்சர் என்று நடந்தாள். அவளுடைய நிஜ வீடு என் அறைக்கு எதிர்வீடு, நான் செய்வதெல்லாம் அங்கிருந்து தெரியும். பூட்டைத் திறந்தாள், உலை வைத்தாள், ஒரே ஓர் இலை போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு பிள்ளை பக்கத்தில் உட்காரப் போக, அவளைத் தள்ளிவிட்டாள்.

"எந்திரிட்டி. டீச்சர் வீட்டுக்கு யாரும் வரமாட்டாவ. டீச்சர் ஒத்தையிலதான் சாப்பிடுவாவ. பொறவு விளக்க அமத்திட்டுச் சும்மா இருப்பாவ."

வாசலில் நின்று கேட்ட அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இருவரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மகளைக் கூட்டிப்போகும் எண்ணம் அவரை விட்டுப் போயிருந்தது.

"இன்னும் ரெண்டு வார்த்த சொல்லச் சொல்லுங்க, டீச்சரம்மா. காது குளுரக் கேக்கேன்."

ஒரு பிள்ளையின் வாயைத் திறக்க எங்கள் தொழிலில் எவ்வளவோ வழி உண்டு. திறந்த வாயிலிருந்து முதலில் நம் வீட்டுச் சங்கதி வராமல் தடுக்கத்தான் ஒரு வழியும் இல்லை.