றெஜினா அன்ரி எண்ணிய சுற்றுகள்

றெஜினா அன்ரியைப் பற்றி நான் கண்டதையும் அவர் சொல்லக் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, அவர் இறந்துவிட்டார் என்று அம்மா சொன்னார்.

பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற நகரப் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் இருந்தவர். வாரநாட்களில் ஒரு கார்டெரியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் உள்ளரங்க ஓட்டப் போட்டிகளில் சுற்று எண்ணுவார். மிச்சச் சுற்றுகளை அட்டையில் காட்டி, கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பதுதான் வேலை.

அவர் மன்னாரிலிருந்து வந்த எண்பதுகளில் சர்வதேச உள்ளரங்கப் போட்டிகள் இன்னும் புதிது. ஹொக்கி விளையாடும் பனித்தளத்தின்மேல் பலகை பரப்பி ஓடவிடுவார்களாம். சுற்று சிறியது, ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கு ஏழரைச் சுற்று.

"ஏழரை எண்டவுடனேயே உஷாராகியிருக்க வேணும், றெஜினாக்கா" என்று அப்பா பகிடி பண்ணுவார். அன்ரியும் சிரிப்பார். ஆனால் நடந்தது சிரிப்பான விஷயமல்ல.

அப்படியொரு சர்வதேசப் போட்டியில், பெண்கள் ஓட்டம் அன்ரி நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கியது. பெண்கள் முதன்முறை அன்ரியைத் தாண்டியபோது அரைச் சுற்றுத்தான் ஓடியிருந்தார்கள். ஊர்ப் போட்டிகளில் தாண்டுவதையெல்லாம் ஒரு சுற்றாக எண்ணிப் பழகியவர், ஏழில் நிற்க வேண்டிய அட்டையை ஆறாக்கிவிட்டார். மணி ஒரு சுற்று முந்தி அடித்தது. முன்னால் ஓடிய ஹங்கேரிப் பெண் முழு மூச்சாக ஓடி, கோட்டில் கையை உயர்த்தியபடி நின்றார். தாங்களே எண்ணிக்கொண்டு வந்தவர்கள் அவரைக் கடந்து போனார்கள். விளங்கி மறுபடி ஓடியும் அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்.

ஓட்டக்காரி தானாக நின்றதாக எழுதும்படி மேலதிகாரி சொன்னாராம். அன்ரி, "மணி பிழை, அடிச்சது நான்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். முடிவு மாறவில்லை. அதன்பிறகு அன்ரியைச் சர்வதேசப் போட்டிகளுக்கு ஒருபோதும் அழைக்கவில்லை. பாடசாலைப் போட்டிகள்தான் மிஞ்சின.

சென்ற மாசியில் அப்படியொரு போட்டியில் நானும் ஓடினேன். எல்லோரும் முடித்துவிட்டார்கள். நேரம் பார்ப்பவர் எனக்கும் முடிந்ததென்று கைகாட்டினார். நான் ஆசையோடு அன்ரியைப் பார்த்தேன்.

"இன்னும் ஒண்டு கிடக்கு, பிள்ளை. ஓடு."

அழுதுகொண்டு ஓடினேன். முடித்ததும் தன் கம்பளிச் சால்வையால் என்னைப் போர்த்தி, மெல்லச் சொன்னார்: "அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கும் இப்பிடிச் சொல்லியிருந்தா, நிம்மதியாப் படுத்திருப்பன்."

நேற்று மலர்ச்சாலையில், பெட்டியில் கிடத்தியிருந்த அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தேன். நன்றாக உறங்குபவர் போலவே இருந்தார். நிம்மதியாகப் படுங்கள், அன்ரி. நாங்கள் வெளியே வந்ததும் அங்கு வேலை செய்பவர் விளக்குகளை அணைத்தார்.