பாட்டு நேரத்தில் எழுந்து போனவர்கள்

"உருதில ஒரு எழுத்தும் தெரியாது. நீ என்னெண்டு பிள்ளை அந்தப் படத்துக்கு எழுதப்போறாய்?" என்று அப்பா கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் ஒரு சின்னத் திரையரங்கு, லாகூரில் அறுபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டவிருந்தது. அவற்றில் ஒன்றுக்கு ஜெர்மன் சப்டைட்டில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். சினிமா படித்தவள், முகமும் அந்தப் பக்கத்து முகம். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. நானும் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்ட முதல் ஆள் நான்.

"இங்கிலிஷில இருக்குது அப்பா. அதைப் பாத்து எழுதினாச் சரி."

"ஓம், ஓம். படிச்ச பிள்ளை சொன்னாச் சரிதான்" என்று சிரித்தார்.

ஆங்கிலப் பிரதியில் வசனங்கள் மட்டுமே இருந்தன. பாட்டு வரும் இடமெல்லாம் வெறுமை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எங்கள் ஊரான பீலில் நான் சிறுமியாயிருந்தபோது, பள்ளி இல்லாத புதன் பின்னேரங்களில் வகுப்புத் தோழிகள் வீட்டுக்கு வருவார்கள். தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் ஓடும். பாட்டுத் தொடங்கியதும், "இப்போது ஏன் பாடுகிறார்கள்?" என்று ஒருத்தி கேட்பாள். "இது முக்கியமில்லை" என்று நான் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுவேன். அந்தக் கூச்சம் என்னோடு பல்கலைக்கழகம் வரை வந்திருந்தது.

படம் காட்டிய மாலை அப்பா கல்யாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். நான் ஒளி, நிழல் என்றெல்லாம் பேசிவிட்டு, "பாடல்களுக்கு வரிகள் இல்லை. கதை அங்கே கொஞ்சம் நிற்கும். விரும்பினால் பாருக்குப் போய் வரலாம்" என்று முடித்தேன். சபை சிரித்தது. நான் பேசிய வேகத்தில் அப்பாவுக்கு ஜெர்மன் பிடிபடாது. மற்றவர்கள் சிரித்ததால் அவரும் பெருமையாகச் சிரித்தார்.

படத்தில் காதலன் நாயகியிடம், "என்னோடு வருவாயா?" என்று கேட்கிறான். அவள் பதில் சொல்வதில்லை. பிறகு ஒரு விருந்தில் அவளைப் பாடச் சொல்கிறார்கள். அவள் குரலெடுத்ததும் கதிரைகள் மடங்கும் சத்தம் கேட்டது. சுவிஸ்காரர் எழுந்து போனார்கள். நடுவில் இருந்த பாகிஸ்தானியர்கள் அசையவில்லை. அவர்களில் ஒரு பெண், பக்கத்திலிருந்து எழுந்த வெள்ளைக்கார மூதாட்டியின் கையைப் பிடித்து இருத்தப் பார்த்தாள். மூதாட்டி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த காட்சியில் நாயகி தனியே ரயிலேறினாள்.

கேள்வி நேரத்தில், பியர் கிளாசுடன் ஒருவர் கேட்டார்: "அவள் ஏன் திடீரென்று போகிறாள்? காரணமே இல்லையே?"

"அந்தக் காலப் படங்களில் காரணம் தேடக்கூடாது" என்றேன் நான்.

மூதாட்டியின் கையைப் பிடித்த அந்தப் பெண் எழுந்தாள். "காரணத்தைத்தான் அவள் பாடினாளே. உன் தாயை அழவைத்துவிட்டு உன் வீட்டில் வாழமாட்டேன் என்றாளே."

நான் மைக்கை மேசையில் வைத்தேன்.

வெளியே, கோட்டுகள் தொங்கும் இடத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். சுத்தமான சுவிஸ் ஜெர்மன். "என் மாமியாருக்கு இந்தப் பாட்டைக் காட்டத்தான் கூட்டிவந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் அவரை வைன் வாங்க அனுப்பிவிட்டீர்கள்."

"வைன் நன்றாகத்தான் இருந்தது" என்றார் மாமியார், சமாதானமாக. மருமகள் சிரிக்கவில்லை.

ரயிலில் அப்பா எனக்காகப் பரிந்து பேசினார். "உவையளுக்குப் பாட்டுக் கேக்கத் தெரியாது பிள்ளை. நல்ல பாட்டு வரேக்க எழும்பிப் போகுதுகள்."

"நான்தான் அப்பா போகச் சொன்னனான்."

"நீயோ? ஏன்?"

"பாட்டு முக்கியமில்லை எண்டு நினைச்சன்" என்றேன். எதற்கும் ஒரு பகிடி சொல்லிச் சிரிக்கும் மனிதர், கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டு, பீல் வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்தப் படம் அடுத்து ஷாஃப்ஹவுசன் நகரத் திரையரங்குக்குப் போகிறது. என் பழைய வரிகளைப் போடவேண்டாம் என்று அந்த அரங்குக்கு எழுதிவிட்டேன். ஆராவில் விசாரித்து அந்தப் பெண்ணையும் தேடிப்பிடித்தேன். போன சனிக்கிழமை அவள் வீட்டுச் சமையலறையில் பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். அவள் பொருள் சொன்னாள், நான் எழுதினேன். பக்கத்தில் இருந்த மாமியார், இவ்வளவு நீளமாக எழுதினால் வாசித்து முடிக்கமுடியாது என்று என் முதல் வரியிலேயே இரண்டு சொல்லை வெட்டினார்.