குஞ்சம்மாவின் கைராசி

பேப்பர் கட்டின் சணலை அறுப்பதற்குள் குஞ்சம்மா மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்துவிட்டாள். லாட்டரி முடிவு வருகிற நாளில் அவளுக்குக் காலை டீ இறங்காது. கிளாஸில் ஆடை கட்டி அப்படியே கிடக்கும். "மொதல்ல நம்பர் வரட்டும் சார். யாரு திட்டப் போறான், யாரு மூஞ்சியத் திருப்பிக்கப் போறான்னு தெரிஞ்சாத்தான் தொண்டையில எதுவும் எறங்கும்" என்பாள்.

காரைக்கால் பஸ் நிலையத்தில், பூவம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவளுடைய சீட்டுக்கடை. கடை என்றால் ஒரு மேசை, மேலே தகரம், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் சீட்டுகள், அவ்வளவுதான். கோவில்பத்திலிருந்து ஆபீஸுக்கு வந்து போகிற நான் இன்றுவரை அவளிடம் ஒரு சீட்டு வாங்கியதில்லை. அதனாலேயே என்னிடம் மனம் விட்டுப் பேசுவாள். "நீங்க ஒருத்தருதான் சார் என் மூஞ்சியப் பாத்துப் பேசுறீங்க. மத்தவன்லாம் கையத்தான் பாக்குறான்."

பார்க்காமல் என்ன செய்வான்? மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றில், பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சுப்ராயனுக்கு அவள் உருவிக் கொடுத்த ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு லட்ச ரூபாய் விழுந்தது. பேப்பரில் இரண்டு பேர் படமும் வந்தது. அவன் கழுத்தில் மாலை, இவள் கையில் சீட்டுக்கட்டு. அதுவரை நாளைக்கு நாற்பது சீட்டு விற்றவள், மறுவாரத்திலிருந்து எண்ணூறு விற்றாள். நாகப்பட்டினம், கும்பகோணத்திலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்தது. யாரும் தானாகச் சீட்டை எடுப்பதில்லை. குஞ்சம்மாவின் வலது கை உருவிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சீட்டே இல்லை என்பது ஊரின் சட்டமாகிவிட்டது.

கூத்தைக் கேளுங்கள். புருஷன் போன புதிதில் கல்யாண வீட்டில் அவளை ஆள் கண்ணில் படாமல் பின்கட்டில் உட்கார வைத்துச் சோறு போட்ட அதே சொந்தக்காரர்கள், இப்போது ஜவுளிக்கடை திறக்க ரிக்‌ஷா அனுப்புகிறார்கள். போவாள். திரும்பி வந்து எரிந்து விழுவாள். "அப்பவும் இதே கைதானேங்குறேன்! அப்ப தொட்டா ஆவாது, இப்ப தொட்டா லட்சமா? வெக்கங்கெட்ட ஜனங்க!" வீட்டிலும் இதே கதைதான். "பாத்திரம் தேய்க்காதீங்க அத்தைங்குறா மருமவ. பாசமாக்கும்னு நெனச்சேன். ராசி கரைஞ்சு போயிடுமாம் சார்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

லட்சம் விழுந்த சுப்ராயன் மாடி வீடு கட்டினான். அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வாசலுக்கு இரும்புக் கேட்டு வந்தது, கேட்டுக்கு உள்ளே இரண்டு நாய் வந்தது. ஒரு காலத்தில் பஸ் நிலையத்தையே கிண்டலடித்துக்கொண்டிருந்த ஆள், போன மாதம் வந்து இந்த மேசைக்கு முன்னால் நின்றான். அப்புறம் கேட்டான்: "ஏங்க்கா, அன்னிக்கு அந்தக் கட்டுல வேற சீட்ட உருவியிருக்கக் கூடாதா?" நல்லது செய்தோம் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த ஒரே காரியமும் போயிற்று என்று குஞ்சம்மா என்னிடம் அழுதாள்.

சென்ற வியாழக்கிழமை பூவத்திலிருந்து பூவாயி என்ற பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். அவள் புருஷன் கருப்பையன் கூலி வேலைக்காரன். வாராவாரம் இங்கே சீட்டு வாங்குகிறவன்.

"கறவ மாட்ட வித்துப்புட்டாருக்கா. அந்தப் பால வித்துத்தான் எங்க வூட்டுல ஒல கொதிக்குது. நாளைக்கு மொத்தப் பணத்துக்கும் ஒங்க கையால சீட்டு வாங்கப் போறாராம். மாடு வாங்குனவரு நல்ல மனுஷர்க்கா. நாளைக்கு வெளக்கு வைக்கிறதுக்குள்ள பணத்தக் கொண்டாந்தா ஓட்டிக்கிட்டுப் போன்னுட்டாரு. அதுக்கு மேல தாங்காது, வெளியூரு ஓட்டிடுவேன்னாரு."

அவள் போனதும் குஞ்சம்மா என்னைப் பார்த்தாள். "சீட்டு இல்லன்னு சொல்லிடுங்க" என்று நான் பெரிய அறிவாளி போலச் சொன்னேன். "இல்லன்னா கால்ல வுழுவான் சார். அக்காவுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, அதான் குடுக்க மாட்டேங்குறாங்கன்னு இன்னும் வெறி ஏறும். ஒங்களுக்கென்ன, சொல்லிட்டு பஸ் ஏறிடுவீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சொன்னது சரிதான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் பஸ் ஏறவில்லை. மேசைக்கு முன்னால் இருபது பேர் வரிசை. கருப்பையன் ஏழாவது ஆளாக நின்றான். வேட்டி மடிப்பைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பூவம் பஸ் அருகே பூவாயி பிள்ளையோடு நின்றாள். அவள் மேற்கே பார்ப்பதும் மேசையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அவன் முறை வந்தது. மடிப்பை அவிழ்த்துப் பணத்தை எடுத்தான்.

"ஒனக்குக் கெடையாது. வூட்டுக்குப் போ" என்றாள் குஞ்சம்மா.

"ஊருக்கெல்லாம் குடுக்குற கை எனக்கு மட்டும் குடுக்காதாக்கா?" என்று குனிந்து அவள் காலைப் பிடித்தான். "இன்னிக்கி குடுக்கலன்னா நாளைக்கு வருவேன். நாளன்னிக்கும் வருவேன். அடுத்த கடைக்குப் போவ மாட்டேன்."

"குடுங்கக்கா, பாவம்" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல் கிளம்பியது. யாருக்கு யார் பாவம்! எனக்கு அந்த வரிசையையே கலைத்து விரட்ட வேண்டும் போலிருந்தது. பஸ் ஹாரன் அடித்தது.

குஞ்சம்மா எழுந்தாள். வலது கையைப் புடவையில் துடைத்தாள். அக்கா உருவப் போகிறாள் என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். துடைத்த கையை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். இடது கையால் ஒரு சீட்டுக்கட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா. புடி."

"பீச்சாங்கையாலயா!" என்று யாரோ கத்தியே விட்டார்கள்.

கருப்பையன் நெருப்பைக் கண்டவன் போல் பின்வாங்கினான். வாய் திறந்தபடி நின்றான். பூவாயி ஓடி வந்து அவன் கையிலிருந்த பணத்தைப் பறித்தாள். மறு கையால் அவனையும் இழுத்துக்கொண்டு ஓடி, நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஏறினாள். அவன் படியில் நின்றும் திரும்பித் திரும்பிக் குஞ்சம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு போனான்.

கும்பகோணத்து ஆள் ஒருவர் அடுத்தபடியாக ரூபாயை நீட்டிக்கொண்டு நின்றார். குஞ்சம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு எத்தன?" என்று கேட்டு, அதே இடது கையை நீட்டினாள்.