கார்டுக்கு மாற்றிய குரல்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், கணினியில் இடம் தீர்ந்துவிட்டது என்றாள். பக்கத்து இருக்கைக்காரர் எதையோ தட்டி, அவள் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் நூறு ஜிபி கூட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஏனோ சூடேறிய போனின் வாசனை வந்தது.

பல வருடங்களுக்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்காகச் சேலைப் படங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள ஆசை. லேப்டாப் வாங்க வழியில்லாமல் பழைய லினக்ஸ் போன் ஒன்றை வாங்கினேன். கம்ப்யூட்டரில் செய்வதையெல்லாம் இதிலேயே செய்யலாம் என்று தங்கை மெர்சியிடம் அளந்தும் விட்டேன். உள்ளே மொத்தம் பதினாறு ஜிபி. எழுதிய புரோகிராமை ஓடவைக்கும் கம்பைலரை நிறுவப் போனால் பாதியில் ‘இடமில்லை’ என்று நின்றுவிடும்.

தெரியாத மொழிகளின் கோப்புகள், உதவிக் குறிப்புகள், முன்பு நிறுவியவற்றின் மிச்சம் என்று ஒவ்வொன்றாக அழித்தேன். ஆர்வக் கோளாறில் வைஃபைக்கு வேண்டியதையும் அழித்துவிட்டு இரண்டு நாள் இணையமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நம் சாமர்த்தியம் அப்படி. கடைசியில் எஞ்சியது எங்கள் சொந்தக் கோப்புகள்தான்: படங்கள், மெர்சியின் நர்சிங் பாடங்கள், அப்பாவின் குரல் செய்திகள் ஏழு.

அப்பா முசரவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். எழுத வராது, எதுவானாலும் பேசித்தான் அனுப்புவார். மழை வருகிறது, துணியை எடுங்கள். சாப்பிட வரமாட்டேன், காத்திருக்காதீர்கள். அவர் இறந்து, அவருடைய போனும் கெட்டுப்போன பிறகு அந்த ஏழுதான் எங்களிடம் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டுக்கு மாற்றினேன்.

“கார்டுல பத்திரமா இருக்குமாக்கா?”

“இருக்கும்மா. போனவிட அதுதான் பத்திரம்.”

கம்பைலர் நிறுவியாயிற்று. ஆனால் பெரிய புரோகிராம்களுக்குப் போனின் ரேம் நினைவகம் போதவில்லை. அதற்கும் வழி இருந்தது: கார்டின் ஒரு பகுதியையே ரேம் போலப் பயன்படுத்தச் சொல்லலாம். ஓயாமல் எழுதி எழுதிக் கார்டு தேய்ந்துபோகும் என்ற எச்சரிக்கையைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் செய்தேன். அப்பாவின் குரலை இன்னொரு பிரதி எடுத்துவைக்கப் பத்து நிமிடம் போதும். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் ஓடியது. சூடு தணிய ஈரத்துணியின் மேல் போனை வைத்துக்கொண்டு எழுதுவேன். வெயிலில் நின்ற அப்பாவின் வண்டி சீட்டின் வாசனை அதிலிருந்து வரும்.

நான் எழுதிய முதல் பெரிய புரோகிராம் ஓடிய அடுத்த வாரம், கார்டு திறக்கவில்லை. ரிப்பேர் கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். “உள்ளயே போயிட்சிமா. ஒண்ணும் எடுக்க முடியாது.”

மூன்று நாள் மெர்சியிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் அவள் தன் பாடங்களைக் கேட்டபோது சொன்னேன். சீருடையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“தேஞ்சிடும்னு தெரிஞ்சேதான் பண்ணியா?”

“தெரியும்.”

மடித்த சீருடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், “வா” என்று மட்டும் சொல்லி ஆட்டோ ஸ்டாண்டுக்கு அழைத்துப்போனாள். அங்கே லோகநாயகி அம்மா நின்றிருந்தார். தையல் வேலைக்காகத் தினமும் அப்பா வண்டியில் வந்துபோனவர். வண்டி கிளம்புகிறது என்று அவருக்கும் அப்பா பேசி அனுப்புவது வழக்கம். அதில் ஏதாவது இருக்கிறதா என்று மெர்சி கேட்டாள்.

“இருந்துச்சிமா. போனு ஃபுல்லாயிட்சின்னு போன மாசந்தான் எல்லாத்தையும் அழிச்சேன்.”

எங்கள் முகத்தைப் பார்த்தவர், பையைக் கீழே வைத்தார். “ஆனா எப்டி கூப்புடுவாருன்னு எனக்குத் தெரியும்” என்றார். அத்தனை பேர் நடுவில் முகத்தைச் சற்றுத் தூக்கி, “முசரவாக்கம்... முசரவாக்கம்... ஒரு ஆளு, ஒரே ஆளு” என்று கூவினார். கடைசிச் சொல்லை அப்பா இழுப்பதுபோலவே இழுத்தார். மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் போனில் கற்றதுதான் எனக்குச் சென்னையில் வேலை வாங்கித் தந்தது. லோகநாயகி அம்மா இப்போது இல்லை. ஊருக்குப் போனால் அந்த ஸ்டாண்டு இருந்த இடத்தில் சற்று நிற்பேன். போனில் பதிவு செய்தவர்களைத் தேடி ஆட்டோக்கள் வருகின்றன. பெயரைச் சரிபார்த்து ஏற்றிக்கொண்டு போகின்றன. ஊர்ப் பெயரை யாரும் கூவுவதில்லை.