மலைக்குக் கட்டிக் கொடுத்த புளிசாதம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேரை. நான்கு நான் பெற்றது, மற்ற இரண்டும் என் நாத்தனார் கண்ணை மூடியபோது என் கையில் வந்தது. ஆறில் ஒன்றுகூட என் வீட்டில் பசியோடு படுத்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். அந்தப் பெருமைதான் இந்தத் தை மாதம் என்னைக் கவிழ்த்தது. அதையும் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், அதனால் மெதுவாகத்தான் வரும்.

என் கடைசி மகள் தஞ்சாவூரில் பள்ளிக்கூட டீச்சர். நாற்பத்தாறு வயதாகிறது. மூன்று வருஷமாக மலையேறுகிறாள். சாமி கும்பிடப் போகிற மலை இல்லை. வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேராகக் காட்டுக்குள் போகிறார்கள். சாப்பாடு, படுக்கை, கூடாரம் எல்லாம் அவரவர் முதுகில். மூன்று நாள் கழித்து இறங்கி வருகிற வரைக்கும் கடையும் கிடையாது, போனும் எடுக்காது. எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் ஆற்றங்கரைதான். அதற்கு மேல் எதையும் நான் ஏறியதில்லை.

ஏறட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்குச் சர்க்கரை. பத்து வருஷமாக வேளாவேளைக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். ஒருமுறை என் அடுப்படியிலேயே, ஊசியைப் போட்டுவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டு நின்றவள், வேர்த்து விறுவிறுத்துச் சரிந்தாள். சீனியை வாயில் போட்டுத் தேய்த்தேன். கண் திறக்கிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. அதனால் அவள் மலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: சாப்பாடு என்ன?

இந்த முறை பையை என் வீட்டில் வைத்துத்தான் கட்டினாள். தன் மகளையும் மூன்று நாளைக்கு என்னிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. கூடத்தில் பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பினாள். ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாதாம். கொக்கி வைத்த சின்னத் தராசில் ஒவ்வொன்றையும் தொங்கவிட்டுப் பார்த்தாள். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்து எறிந்தாள். துண்டைக் கிழித்துக் கால் துண்டாக்கினாள். அறுப்புக்கு ஆள் விட்டால் பத்துப் பேர் சோற்றை ஒற்றை ஆளாகத் தலையில் தூக்கி வரப்பில் நடந்தவள் நான். இவள் பிரஷ் காம்பை நிறுக்கிறாள். சிரிப்பு வந்தது. சோற்றுப் பக்கம் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

வெந்நீர் ஊற்றினால் உப்புமா ஆகிற கடைப் பாக்கெட் நான்கு. ஒரு டப்பா சத்துமாவு. கொஞ்சம் பேரீச்சம்பழம், கடலைமிட்டாய். அவ்வளவுதான் மூன்று நாளைக்கு.

இதைத் தின்றுவிட்டா மலையேறுவாய் என்று கேட்டேன். எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்கள் என்றாள். புளிசாதம் கிளறித் தருகிறேன், மூன்று நாள் தாங்கும் என்றேன். கனம் என்று யோசித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு டப்பா, அதற்கு மேல் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டாள்.

அரிசிப் பானையைத் திறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பழைய அரிசி பொங்கலோடு தீர்ந்துபோயிருந்தது. கார்த்திகை மழையில் இரண்டு மூட்டை நெல் நனைந்து முளைவிட்டு மாட்டுக்குப் போனதில் வந்த குறை. இருந்தது எட்டு நாளைக்கு முன் மில்லில் அரைத்து வந்த புதுச் சம்பா. புது அரிசிச் சோறு குழையும், ஒட்டும், சீக்கிரம் கெடும். கட்டுச்சோற்றுக்கு ஆகாது. இது எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

என் மருமகள்தான் சொன்னாள்: "அத்தை, கடையில ஒரு கிலோ பழைய அரிசி வாங்கிட்டு வந்துடறேங்க. அஞ்சு நிமிஷம்."

"நெல்லு விளையிற வீட்ல பையத் தூக்கிக்கிட்டு அரிசிக் கடைக்குப் போவியா? பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

கையில் எடுத்த பையை அவள் ஆணியில் மாட்டினாள். இந்த வீட்டுக்கு நான் வந்து ஐம்பத்து நான்கு வருஷம். ஒருநாளும் இங்கே கடை அரிசி உலையில் விழுந்ததில்லை. தண்ணீரைக் குறைத்து, விறைப்பாக வடித்து, நல்லெண்ணெயைக் கூட்டிவிட்டால் தாங்கிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கிளறினேன். ஒரு டப்பாவுக்கு இரண்டு டப்பா ஆனது. ஒன்றை மகளே மூடிப் பையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அவள் கட்டி வைத்த பையைத் திறந்து, உப்புமாப் பாக்கெட் நான்கையும் சத்துமாவையும் எடுத்தேன். அந்த இடத்தில் இரண்டாவது டப்பாவை வைத்து அழுத்தி மூடினேன். பாக்கெட்டுகளைப் பருப்பு டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். என் கையால் வளர்ந்தவள் காகிதப் பையில் வெந்நீர் ஊற்றித் தின்ன வேண்டாம் என்று அப்போது நினைத்தேன். குளித்து வந்தவளிடம், இன்னொரு டப்பாவும் பையில் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்; கனம் என்று முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது, "பழைய அரிசிதானேம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சட்டியில் மிஞ்சியதை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பொழுதுக்கும் நான்கு தடவை திறந்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் திறந்தபோதே வாடை மாறியிருந்தது. விரலை வைத்து எடுத்தேன், நூல் நூலாக இழுத்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே கெட்டது அங்கேயும் கெட்டிருக்கும். ஊசி போட்ட பிறகு டப்பாவைத் திறந்தாளானால் என்ன செய்வாள்? கெட்டதைத் தின்றால் வாந்தி. தின்னாவிட்டால் மயக்கம். கைகாவலாக அவள் வைத்திருந்தது என் பருப்பு டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. போனைப் போடச் சொன்னேன். பேத்தி போட்டாள். எல்லைக்கு வெளியே என்றது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போடச் சொன்னேன். "அம்மாச்சி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எடுக்காது. அம்மாதான் சொல்லிட்டுப் போச்சுல்ல" என்றாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை.

மருமகள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "கூடப் பன்னெண்டு பேரு இருக்காங்க அத்தை. பட்டினியா விட்டுருவாங்களா? எந்திரிங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். வாசலில் பைக் சத்தம் கேட்டால்கூட யாரோ சேதி கொண்டுவருகிறார்கள் என்று எழுந்து போனேன்.

ஞாயிறு ஐந்து மணிக்கு அவளே போன் செய்தாள். என்ன நடந்தது என்று தானே சொன்னாள். வெள்ளிக்கிழமை நன்றாக இருந்த டப்பாவைச் சனிக்கிழமை காலையில் ஊசி போட்டுவிட்டுத் திறந்திருக்கிறாள். நூல் விட்டிருந்தது. இரண்டாவது டப்பாவும் அப்படியே. பாக்கெட்டைத் தேடினால் பாக்கெட்டைக் காணோம். பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு நடந்திருக்கிறாள். ஏற்றத்தில் கை நடுங்கி, கண் மங்கி, பாறையில் சாய்ந்துவிட்டாள். கூட வந்த ஒரு பெண் வெல்லத்தை வாயில் வைத்து, தன் ரொட்டியில் பாதியைத் தந்திருக்கிறாள். மிச்ச வேளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "என் தப்பும்மா. சூடு ஆறறதுக்குள்ள மூடிட்டேன் போல. ஒன் சோறு கெடாது."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. சரி, பத்திரமாக வந்து சேர் என்று போனை வைத்தேன்.

அதோடு போயிருந்தால்கூட நெஞ்சில் புதைத்திருப்பேன். போன வாரம் வந்தவள், பேச்சோடு பேச்சாக, "பாக்கெட்ட பையில வச்சது கண்ணுக்குள்ள நிக்குதும்மா. ஆனா வைக்கலை. சர்க்கரை முத்துனா ஞாபகமும் போகுமாமே? டாக்டர்கிட்ட சீட்டு எழுதி வாங்கி ஸ்கேன் பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்தே பயந்தால் அப்படித்தான்.

பங்குனிக்குள் இன்னொரு மலையாம். அதே பழைய அரிசியில் கிளறிக் கொடு என்று கேட்டிருக்கிறாள். நேற்று மருமகளைக் கடைக்கு அனுப்பி, இரண்டு வருஷத்துப் பழைய அரிசியாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரி பையைப் பார்த்துவிட்டு, என்ன இது அதிசயம் என்று கேட்டாளாம். கேட்கட்டும்.

அரிசி வாங்கியாகிவிட்டது. பொய் அப்படியே இருக்கிறது. நேருக்கு நேர் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், வரவில்லை. அதனால்தான் பேத்தியின் பழைய நோட்டில் நான்கு நாளாக இதை எழுதுகிறேன்.

இப்போது மகள் கூடத்தில் பாயை விரித்து மறுபடியும் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறாள். பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுக்கப்போகிறேன். இந்தா கண்ணு, தப்பாக எழுதியிருந்தால் நீயே சரியாக்கிக்கொள். இங்கே என்னிடம் வேண்டாம், அங்கே உன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படி.