பதினேழாவது படத்தின் கீழே

கார்வின் நகர நூலகத்தில் மாடிக்குப் போகும் படிக்கட்டுச் சுவரில் இருபத்துநான்கு படங்கள் மாட்டியிருக்கின்றன. ஊர் தோன்றி நூற்றைம்பது வருடம் ஆனதை ஒட்டி, இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவர்கள் என்று ஒரு குழு தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். ஆற்றுச் சிப்பியில் பொத்தான் செய்யும் ஆலையைத் தொடங்கியவர், முதல் மேயர், உறைந்த ஆற்றை நடந்தே கடந்து மருந்து கொண்டுவந்த டாக்டர். ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு வரியில் ஓர் அட்டை. அட்டைகளைத் தட்டச்சு செய்தது இந்த நூலகத்தில் வேலை பார்க்கும் நான். பதினேழாவது அட்டையில் மட்டும் ஒரே வரி. அந்த வரியில் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அல்வினா ருட்கி பிறந்தது ஆற்றை ஒட்டிய தென்பகுதியில். அப்பா படகு பழுது பார்ப்பவர், வாடகைக்கும் விடுவார். பதினெட்டு வயதில் அல்வினா தொலைபேசி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே எட்டுப் பெண்கள். உயரமான நாற்காலி, எதிரே அழைப்புகளை இணைக்கத் துளை துளையாக ஒரு பலகை, காதில் கருவி. சேர்ந்த முதல் மாதம் முழுக்கக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துப் பேசப் பழக்கினார்களாம். சிரித்துக்கொண்டே பேச வேண்டும். சிரிப்பு குரலில் தெரிய வேண்டும். பேரைச் சொல்லக் கூடாது. எட்டுப் பேரில் யார் பேசினாலும் ஊருக்கு ஒரே ஆள் பேசுவதுபோல் இருக்க வேண்டும்.

"என் சொந்தத் தங்கச்சிக்கே என் குரல் பிடிபடாது தம்பி," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "போன்ல நான்தான்டீன்னு சொன்னா, வேலைல விளையாடாதீங்கன்னு வச்சிருவா."

பக்கத்து நாற்காலியில் லியோனா டிரெஸ்கின். அல்வினா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லியோனாவின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானத்தில் தூக்கிப் பிடித்தவர் அல்வினாதான். நிலையத்துக்குத் தானாகவே இணைப்புத் தரும் இயந்திரம் வந்து எல்லாரும் வெளியேறிய பிறகும் புதன்கிழமை மத்தியானம் மட்டும் மாறவில்லை. லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் யூக்கர் சீட்டு. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. அல்வினாவும் லியோனாவும் முப்பது வருடக் கட்சி. எதிர்க்கட்சியில் எமில் ஹாஸ்கே, இறைச்சிக் கூடத்தில் கத்தி பிடித்து ஓய்வு பெற்றவர். அவர் கட்சியில் ஆடிய மனைவி இறந்த பிறகு அந்த நாற்காலி காலியாக இருந்தது. என்னை உட்கார வைத்தார்கள். நான் அதிகம் பேச மாட்டேன் என்பது அவர்களுக்கு வசதி.

சீட்டு கலைக்கும்போதெல்லாம் எமில் ஒரே கதையைச் சொல்வார். ஐம்பத்திரண்டாம் வருடம் ஏப்ரலில் கரை உடைந்த கதை.

"காபி கொதிக்குது. போன் அடிக்குது. எடுத்தா ஒரு பொம்பளக் குரல், சிரிச்ச மாதிரி. 'அடுப்ப அணைங்க, நாயை அவுத்து விடுங்க, மேட்டுக்குப் போங்க, எதையும் தூக்காதீங்க'ன்னுச்சு. கால் மணி நேரத்துல என் வீட்டுக் கூரை ஆத்துல போகுது!" சொல்லிவிட்டு லியோனாவைப் பார்த்துத் தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றுவார். "இந்த மகராசி இல்லன்னா நான் மீனுக்குத் தீனி."

லியோனா சீட்டைப் பார்த்தபடி, "போதும் எமில், போடுங்க," என்பார்.

அல்வினா சிரித்துக்கொண்டிருப்பார். அவர் சீக்கிரம் கிளம்பும் நாட்களில் எமில் கூப்பிடுவார்: "என்ன அல்வினா, படகு வந்துருச்சா? ஓடு, ஓடு!" பக்கத்து மேசைகளும் சிரிக்கும். அல்வினாவும் திரும்பி, "உங்களுக்கும் எடம் இருக்கு, வர்றீங்களா?" என்பார். அப்பாவின் படகுத் தொழிலைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடந்தது இது. வெள்ளம் வந்த அன்றைக்கு மத்தியானம் நிலையத்து மேற்பார்வையாளர் எல்லாரையும் வெளியேறச் சொன்னார். தங்கியது இரண்டு பேர், அல்வினாவும் லியோனாவும். ஒரு மணி போல வாசலுக்குப் படகு வந்தபோது லியோனாவின் கைக்குழந்தை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. "போடி, நான் பாத்துக்கறேன்," என்று அனுப்பி வைத்தது அல்வினாதான். பிறகு மறுநாள் வரைக்கும் தனியாக, தொலைபேசிப் புத்தகத்தில் தென்பகுதித் தெருக்களின் பெயர்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போய், நானூற்றுப் பதினோரு வீடுகளைக் கூப்பிட்டார். கணப்பு இல்லாத கட்டிடம். நிமோனியா வந்து, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தார். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்து, லியோனாவை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து லியோனா அழுதாராம். "நீதான்னு சொன்னேன்டி. அவனுங்க கையில என் படந்தான் இருந்துச்சு, என் பேரப் போட்டுட்டானுங்க. எத்தன பேருகிட்டப் போய்த் திருத்துவேன்?" அந்தப் பத்திரிகையைக் காட்டச் சொன்னதற்கு, எரிச்சலில் அடுப்பில் போட்டுவிட்டேன் என்றார். அல்வினா நம்பினார். எமிலின் கதையை முப்பத்துநான்கு வருடம் சிரித்தபடி கேட்கவும் முடிந்தது. "யாருக்கு நன்றி சொன்னா என்ன, ஆளு பொழச்சுக் கெடக்காரே," என்று என்னிடம் பின்னால் சொன்னார். அப்போது அவர் குரலில் பழைய பயிற்சிச் சிரிப்பு இல்லை.

குழு ஒரு விதி வைத்திருந்தது: உயிரோடு இருப்பவரைச் சுவரில் ஏற்ற வேண்டுமானால், தான் செய்ததை அவரே கையால் எழுதித் தர வேண்டும், நேரில் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, ஆட்டம் முடிந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லியோனா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அல்வினாவின் தட்டுக்கு அருகே வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுடி. அப்ப கூட இருந்தவ நீ ஒருத்திதான் உசுரோட இருக்க. நீ போட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

அல்வினா கண்ணாடியை மாட்டிப் படித்தார். லியோனாவின் கையெழுத்து, சாய்ந்த, அழகான எழுத்து. நான் எதிரே இருந்தேன். 'கடைசிவரை நான் ஒருத்தி மட்டும்' என்ற வரி தலைகீழாகத் தெரிந்தது.

"இது அவங்க தப்பாப் போட்டதுன்னு சொன்னியே."

"இப்ப போய் மாத்தினா ஊரு சிரிக்கும். என் பேரன் பேத்தியெல்லாம் பள்ளிக்கூடத்துல இதக் கட்டுரையா எழுதிட்டாங்கடி. உனக்கு யாரு இருக்கா இதப் பாக்க?"

அதைச் சொன்னபோது லியோனா கோபமாக இல்லை. உப்பு கேட்பதுபோலச் சொன்னார்.

"வீட்டுல வச்சுப் படிச்சுட்டுத் தர்றேன்," என்று தாளை மடித்தார் அல்வினா. எழுந்தபோது எமில் கூப்பிட்டார்: "என்ன, படகு வந்துருச்சா?"

அன்றைக்கு அவர் திரும்பாமல் படியேறிப் போனார்.

மறுநாள் நூலகம் திறந்ததும் வந்தார். "ஐம்பத்திரண்டு ஏப்ரல் பத்திரிகை வேணும் தம்பி." கட்டித் தைத்த பெரிய தொகுப்பைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன். மூன்றாம் பக்கத்தில் லியோனா, முப்பது வயது, காதில் கருவி, சிரிப்பு. படத்தை அவர் பார்க்கவில்லை. கீழே இருந்த செய்தியில் விரல் வைத்து வரி வரியாகப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

அந்த வரியை நானும் படித்தேன். 'என்னோடு இருந்த தோழி அல்வினா ருட்கி பயந்துபோய் முதல் படகிலேயே ஏறிவிட்டாள். பாவம், அவளைக் குறை சொல்ல மாட்டேன் என்றார் திருமதி டிரெஸ்கின்.'

அவர் கண்ணாடியைக் கழற்றி அந்த வரியின் மேல் வைத்தார். பிறகு, "படகு," என்றார்.

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"முப்பத்துநாலு வருஷம். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன் தம்பி. எடம் இருக்கு வர்றீங்களான்னு கேட்டிருக்கேன். ஊரே என்ன நெனச்சிருக்கும்? வெக்கங்கெட்டவன்னு நெனச்சிருக்கும்." தண்ணீரைத் தொடவில்லை. "இறைச்சிக் கடைல, தேவாலயத்துல, எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. போடி பாத்துக்கறேன்னு சொன்னது நான்."

"யாராவது குரலை வச்சுச் சொல்ல மாட்டாங்களா, மிஸ் ருட்கி?"

"எங்க எட்டுப் பேருக்கும் ஒரே குரல். அதுக்குத்தான சம்பளம் குடுத்தாங்க."

அடுத்த புதன்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். லியோனா பேனாவை எடுத்தார். "ஆட்டம் முடியட்டும்," என்றார் அல்வினா.

யூக்கரில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சீட்டுகள் வந்தவர் "தனி" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவருடைய கட்சிக்காரர் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். லியோனா அடிக்கடி சொல்வார். அல்வினா ஒருநாளும் சொன்னதில்லை. அன்று மூன்றாவது தடவை சீட்டுப் போட்டபோது சொன்னார்.

"தனி."

"நீயா?" என்றார் லியோனா.

"கவுத்து வை லியோனா." லியோனாவை அவர் 'டி' போட்டுக் கூப்பிடாததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அடேயப்பா!" என்றார் எமில். "ரெண்டு ஜாக்கியும் கையில போல. தம்பி, சூதானமா ஆடு."

யூக்கரில் பெரிய சீட்டு ஜாக்கிதான், அவரிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாதாரணச் சீட்டுகள். ஐந்து பிடியில் மூன்று பிடித்தார், கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. லியோனா கவிழ்த்த சீட்டுகளின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அல்வினா தாளைப் பிரித்து, லியோனாவின் பேனாவையே வாங்கி, சாட்சிக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார், தொலைபேசியில் பேசுவதுபோல் ஒரே சீரான குரலில்: "மத்தியானம் ஒன்றேகாலுக்குத் திருமதி டிரெஸ்கின் படகில் ஏறிப் போனதை இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து நேரில் பார்த்தேன். நான் பார்த்தது அவ்வளவுதான். அல்வினா ருட்கி."

லியோனாவின் முகம் வெளுத்தது. "இந்த வயசுல என்னை இப்படி…"

"நீ என்னை முப்பது வயசுலேயே செஞ்சியே."

எமில் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். அல்வினா அவர் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டு நாய் போனுக்குப் பின்னால கத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க 'சும்மா கெட பிரின்ஸ்'னு ரெண்டு தடவை அதட்டினீங்க. அதனாலதான் அவுத்து விடச் சொன்னேன். வேற யார் வீட்டுக்கும் அதச் சொல்லல."

எமில் கதையில் அந்த நாயின் பேர் ஒருமுறைகூட வந்ததில்லை. லியோனா கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாள் மேசையிலேயே கிடந்தது. அல்வினா அதை என்னிடம் தந்தார். "குழுவுல சேர்த்துரு தம்பி."

சேர்த்தேன். அதற்கு முன் எமிலிடம் போய், குழுவில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். வாசலில் நின்று இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எழுபத்தெட்டு," என்றார். "இவ்வளவு நாளா ஒருத்திக்குச் சொன்ன நன்றிய இனிமே தூக்கி இன்னொருத்திக்கு மாத்தணுமா? அது மட்டுமா? அந்தம்மாவ நான் என்னென்ன சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். எந்த மூஞ்சியோட வந்து நிக்கிறது? விடு தம்பி." துடைப்பத்தை மறுபடி எடுத்தார்.

குழுத் தலைவி மிசஸ் பிராக்வே தாளை இரண்டு முறை படித்தார். "கொண்டாட்டத்துல எதுக்குச் சண்டை? படம் நல்லா இருக்கு, அதப் போடுவோம். பேரு வேண்டாம். 'வெள்ளத்தின்போது தொலைபேசி நிலையப் பெண்கள், 1952.' போதும். அட்டையில அதையே அடிச்சிருங்க."

அல்வினாவின் பேரையும் போடலாம் என்பது என் வாய் வரை வந்தது. அதற்குள் மிசஸ் பிராக்வே அந்தத் தாளைக் கோப்புக்குள் வைத்து மூடிவிட்டார். நான் கீழே இறங்கி, இயந்திரத்தில் அட்டையைச் செருகி, அந்த ஒரு வரியை அடித்தேன்.

திறப்பு விழாவுக்கு அல்வினா வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். பதினேழாவது படத்தின் முன் நின்றார். சட்டத்துக்குள் லியோனாவின் சிரிப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைக் குனிந்து படித்தார். நான் மேல்படியில் நின்றிருந்தேன்.

"இத யாரு அடிச்சது?"

"நான்தான்."

தலையசைத்தார். "சுத்தமா இருக்கு. ஒரு பிழை இல்ல," என்றார், அந்தச் சிரித்த குரலில், எந்த வீட்டுக்கும் சொல்வதுபோல. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

புதன்கிழமை மேசையில் இப்போது அல்வினா, லியோனா இருவரின் நாற்காலிகளும் காலி. நூலகத்துக்கும் அல்வினா வருவதில்லை.