கெடு முடிந்த பத்தாம் நாள்

இதில் இட்டுக்கட்டிச் சொன்னது எதுவும் இல்லை. சிதம்பரத்தில் ஜூனியர் வக்கீலாக இருந்த அருள்மொழிக்கு, போன ஜூன் மாதம், பட்டப்பகலில் நடந்தது. இன்றைக்கும் நிமிடம் பிசகாமல் நேரம் சொல்கிறான்.

சீனியர் வைத்திலிங்கத்திடம் அவன் சேர்ந்து நாலு வருஷம். இன்னொரு ஜூனியர் இலக்கியா வந்து ஒன்றரை வருஷம்தான். ஆனாலும் வாதாட அவளைத்தான் அனுப்புவார். இவனுக்கு வாய்தா வாங்குகிற வேலை. அவள் பேசி முடித்ததும் மற்ற வக்கீல்கள் தலையாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும்.

ஜூன் இரண்டாம் தேதி குமராட்சியிலிருந்து விருத்தாம்பாள் வந்தாள். இவர்கள் நடத்திய நில வழக்கில் தோற்றிருந்தாள். தீர்ப்பு நகலை அவனிடம் நீட்டினாள்.

"இலக்கியா பாப்பாகிட்ட குடுத்துடு தம்பி. அதான் நல்லா பேசுது."

சுருக்கென்றது அவனுக்கு.

அப்பீல் போட ஒன்பதாம் தேதி கடைசி நாள். நகலைத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினாறாம் தேதி எடுத்து, இலக்கியாவின் கேஸ் கட்டுக்குள் செருகிவிட்டான். அன்றைக்கே அது சீனியர் கண்ணில் பட்டது.

"நகல் ஒன் கட்டுலயே இருக்கே! கெடுவ பாக்க மாட்டியா?" சீனியர் கத்தினார்.

"சத்தியமா நான் பாக்கல சார்..." இலக்கியா அழுதாள்.

அன்றைக்கு அருள்மொழி இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டான்.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். இலக்கியாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று பிரமாணப் பத்திரம் தயாரானது. விருத்தாம்பாள் ரேகை வைக்க வேண்டும். அவள் போனோ மூன்று நாளாக ஸ்விட்ச் ஆஃப்.

பத்தொன்பதாம் தேதி. மதியம் 1.40. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் மட்டும் ஆபீஸில்.

நிமிர்ந்தான். எதிர் நாற்காலியில் விருத்தாம்பாள்.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

"எப்பம்மா வந்தீங்க?"

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. மேசையில் தாள்கள் படபடத்தன. அவள் முந்தானை மட்டும் அசையவில்லை...

பத்திரத்தை அவள் முன் வைத்தான். எழுத்தே தெரியாதவள். ஆனால் விரல் நேராக ஐந்தாவது வரிக்குப் போனது.

"இங்க அந்தப் பொண்ணு பேரு இருக்கு."

அவன் பத்திரத்தை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"ஒன் கையிலதான குடுத்தேன். மாத்து."

மாற்றக் கூடாது என்றுதான் நினைத்தான். பேனா தானாக நகர்ந்தது. இலக்கியா பெயரை அடித்தான். தன் பெயரை எழுதினான்.

இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினாள்.

தாளில் வைத்தாள்.

டப்.

'என் முன்னிலையில் ரேகை வைத்தார்.' கையெழுத்துப் போட்டான். தேதி போட்டான்.

நிமிர்ந்தான்.

நாற்காலி காலி.

மணி 1.46.

மாலை 5.20. கடலூரில் வேலை பார்க்கும் விருத்தாம்பாளின் மகள் மாலதி வந்தாள். கையில் இறப்புச் சான்றிதழ்.

"அம்மா தவறி இன்னியோட பன்னெண்டு நாளு ஆவுது சார். ஏழாந்தேதி, தூக்கத்துலயே. கேஸு என்னாச்சின்னு கேக்க வந்தேன்."

சீனியர் சான்றிதழைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். பிறகு அருள்மொழியை.

அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தப்பு தன்னுடையது என்று கோர்ட்டிலும் எழுதிக் கொடுத்தான். மாலதி பெயரில் அப்பீல் ஏற்கப்பட்டது. இலக்கியாதான் வாதாடுகிறாள். அவன் வக்கீல் கோட்டை நிரந்தரமாகக் கழற்றிவிட்டான்.

பொய் ரேகை என்றுதான் சீனியர் நினைத்தார். பழைய வக்காலத்துப் பத்திரத்தில் இருந்த அவள் ரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தார். இரண்டும் ஒரே விரல்.

அதைக் கேட்ட மாலதி மெல்லச் சொன்னாள்.

"ஏழாந்தேதி பொணத்த குளிப்பாட்டுறப்பவே அம்மா இடது கட்டவெரல்ல மை இருந்துச்சு சார். ஈரமா... தேய்க்கத் தேய்க்கப் போவவே இல்ல."